சித்திர டிராகனுக்கு மாதிரி எங்கே?

தோட்டப்புறத்திலே பிறந்து வளர்ந்து, இப்போது நகரத்தில் சித்திர வேலை செய்துவரும் ஓர் இளஞ்சகோதரி, சில மாதங்களுக்கு முன் நமக்கு ஒரு நோட்டுப் புத்தகத்தை அனுப்பி நமது அபிப்பிராயத்தைக் கேட்டிருந்தார். குழந்தைகளுக்காக அவர் ஒரு படக்கதை எழுதுகிறார். செம்பனைத் தோட்டத்து ஓரமாக ஓடும் ஆற்றில் ஒரு டிராகன் வாழ்கிறது, தமிழ்ப் பள்ளிக்குப் போகும் பிள்ளைகளோடு அது நட்புக் கொள்ளுகிறது, இதுவே கதை. கதையில் குறை சொல்ல நமக்கு ஒன்றுமில்லை. அந்த டிராகனை எவ்விதம் வரைவது என்பதற்காக அவர் திரட்டிய மாதிரிகளே அந்நோட்டுப் புத்தகம் முழுவதும் ஒட்டப்பட்டிருந்தன. எண்ணிப் பார்த்தோம். 62 படங்கள். அந்த 62-ம் பிறர் வரைந்த டிராகன்கள்!

பல்லி இல்லை, பாம்பு இல்லை, மீன் இல்லை, பறவை இல்லை. கதையிலே வருகின்ற ஆற்றின் படம்கூட ஒன்றாகிலும் இல்லை. அமெரிக்க சினிமா டிராகன், ஜப்பானிய சினிமா டிராகன், விளையாட்டுப் பொம்மைப் பெட்டியின்மேல் அச்சிட்ட டிராகன், சீனப் புத்தாண்டு வாழ்த்து அட்டை டிராகன் என்று பக்கத்துக்குப் பக்கம் இதே கதை. கடைசிப் பக்கத்தில், அவையனைத்தையும் கூட்டிக் கழித்து அவர் தாமே வரைந்த டிராகன் நின்றுகொண்டிருந்தது. வௌவாலின் சிறகு இரண்டு; மூக்கிலே புகை; வாயோரத்தில் சிறு நெருப்பு. கோடு சுத்தம், வர்ணமும் அழகு. ஆனால் இதை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்னும் நினைவைத் தவிர வேறொன்றையும் அது நமக்கு உண்டாக்கவில்லை.

அவருக்கு எழுதிய பதிலையே, அவருடைய சம்மதத்தின்பேரில், சற்று விரித்து ஈண்டு வெளியிடுகின்றோம். இது ஒருவருடைய பிழையன்று என்பதே அதற்குக் காரணம். 2024-ஆம் ஆண்டு பிப்ரவரி 10-ந் தேதி சீனரின் டிராகன் ஆண்டு பிறந்தபோது, கடைத்தெருக்களில் தொங்கிய டிராகன்களைப் பார்த்த நேயர்கள் நினைவுகூர்வார்களாக. பெருந்தலை, வட்டக்கண், குறுங்கால், ஒரு சிரிப்பு. குழந்தைகள் அஞ்சக் கூடாதென்ற நோக்கம் நல்லதே. ஆயினும் ஒரு கடையின் டிராகனைக் கழற்றி மறு கடையில் மாட்டியிருந்தால் கண்டுபிடிப்பார் யாருமில்லை. போதாததற்கு இப்பொழுது வேறொரு வசதியும் வந்திருக்கிறது. நாலு சொல்லைக் கொடுத்தால் நாற்பது டிராகன்களைக் கக்கிவிடும் கணினி இயந்திரங்கள் வீட்டுக்கு வீடு கைபேசியில் குடியேறிவிட்டன. இவை முன்பு பிறர் வரைந்த கோடிக்கணக்கான படங்களை விழுங்கி வளர்ந்தவை. ஆகையால் இவை தருவது பெரும்பாலும் எல்லார்க்கும் பொதுவான ஒரு சராசரி டிராகன். நம் சகோதரி 62 படங்களைக் கையால் ஒட்டிச் செய்த காரியத்தையே அந்த இயந்திரம் பெரிய அளவில் செய்கிறது.

சீனத்தில் ஒரு பழங்கதை வழங்குகிறது. ஹான் காலத்துப் புலவர் லியூ சியாங் தொகுத்த நூலொன்றில் உள்ளது. ஷெ என்னும் ஊர்த் தலைவனுக்கு டிராகன்மேல் தீராத மோகம். தூணிலே டிராகன், சுவரிலே டிராகன், இடுப்புக் கொக்கியிலே டிராகன் என்று செதுக்கி வைத்திருந்தான். இவ்வளவு அன்புடையான் ஒருவன் உளனா என்று மகிழ்ந்து, உண்மையான டிராகனே வானத்தினின்று இறங்கிவந்து அவனுடைய சன்னலில் தலையை நீட்டிற்று. அவனோ அலறியடித்துக்கொண்டு ஓட்டமெடுத்தான். அவன் விரும்பியது டிராகனை அல்ல. டிராகனைப் போன்ற ஒன்றையே என்று கதை முடிகிறது. படங்களை மட்டும் பார்த்து வரைவோருக்கும் அவனுக்கும் தூரம் அதிகமில்லை.

“டிராகன் என்று ஒன்று உலகத்தில் இல்லாதபோது, படத்தைப் பார்க்காமல் வேறு எதைப் பார்த்து வரைவதாம்?” என்று அச்சகோதரி கேட்டார். நியாயமான கேள்வி. பகுத்தறிவு பேசும் நம்மிடத்தில் கேட்கவேண்டிய கேள்வியுங்கூட. இல்லாத ஒன்றை வரைவதாயின், உள்ள ஒன்றிலிருந்துதான் அதற்கு உடம்பு கடன் வாங்க வேண்டும் என்பது நமது விடை. பிறர் படத்திலிருந்து வாங்குவது கடன்பட்டவனிடம் கடன் வாங்குவதாகும்.

இதை நாம் புதிதாகச் சொல்லவில்லை. இத்தாலிய ஓவியர் லியனார்டோ டா வின்சி தமது குறிப்பேட்டில் இதற்கு வழியே வகுத்திருக்கிறார். கற்பனை விலங்கு இயற்கையாய்த் தோன்ற வேண்டுமானால் அதன் ஒவ்வோர் உறுப்பும் உள்ள விலங்கொன்றன் உறுப்பை ஒத்திருக்க வேண்டும் என்பது அவர் கருத்து. எடுத்துக்காட்டாக அவர் கூறுவது டிராகனைத்தான். தலையைக் காவல்நாயினிடமிருந்தும், கண்ணைப் பூனையினிடமிருந்தும், காதை முள்ளம்பன்றியினிடமிருந்தும், மூக்கை வேட்டைநாயினிடமிருந்தும், புருவத்தைச் சிங்கத்தினிடமிருந்தும், கன்னப்பொறியைக் கிழட்டுச் சேவலினிடமிருந்தும், கழுத்தை நீராமையினிடமிருந்தும் எடுத்துக்கொள்ளச் சொல்லுகிறார். சேவலிலும் கிழட்டுச் சேவல்! இளஞ்சேவலின் முகத்திலில்லாத ஏதோ ஒரு சுருக்கமும் கடுமையும் அவருடைய கண்ணில் பட்டிருக்கிறது. கோழிக்கூண்டின் அருகே நின்று பாராதவர்க்கு இந்த ஒரு சொல் வாய்க்காது.

லியனார்டோவின் வாழ்க்கையை 1550-இல் எழுதி வெளியிட்ட வாசாரி இன்னொரு செய்தியும் தருகிறார். இளமையில் ஒரு கேடயத்தில் அச்சந்தரும் உருவமொன்றை எழுதும் வேலை லியனார்டோவுக்குக் கிடைத்தது. அவர் பல்லி, பாம்பு, வெட்டுக்கிளி, பட்டாம்பூச்சி, வௌவால் முதலியவற்றைப் பிடித்துத் தம் தனியறையில் சேர்த்தாராம். அவை செத்து நாறிய நாற்றமும் தெரியாமல் வேலையில் மூழ்கியிருந்தாராம். முடிந்த படத்தை இருட்டறையில் நிறுத்தித் தந்தையை அழைக்க, அவர் உயிருள்ள பிராணியென்று எண்ணித் திடுக்கிட்டுப் பின்வாங்கினாராம். வாசாரி கதையை இனிப்பாக்கிச் சொல்லும் பழக்கமுள்ளவர். ஆதலின் நாற்றத்தின் அளவைப்பற்றி நாம் சத்தியம் செய்ய முன்வரவில்லை. சேகரித்த பொருள்களின் பட்டியல் மட்டும் நமக்குப் போதும்.

ஐரோப்பியரைச் சொல்லிவிட்டு, நம் அண்டை வீட்டாரை மறப்பது அழகன்று. சிங்கப்பூர் தெலுக் ஆயர் வீதியில் தியான் ஹொக் கெங் என்னும் சீனர் கோயில் 1839 முதல் 1842 வரை கட்டப்பெற்றது. அதே வீதியில்தான் தமிழ் முஸ்லிம்கள் எழுப்பிய நாகூர் தர்கா கட்டிடமும் நிற்கிறது. அவ்வழி போகும் தமிழர்கள் தலைமுறை தலைமுறையாக அக்கோயில் கூரைமேல் நெளியும் டிராகன்களைப் பார்த்துவருகின்றனர். அவ்வுருவம் எவ்வாறு அமைந்ததென்று எண்ணியவர் சிலரே. டிராகனுக்கு ஒன்பது ஒப்புமைகள் உண்டென்று ஹான் காலத்து அறிஞர் வாங் ஃபூ கூறியதாகப் பிற்கால நூல்கள் குறிக்கின்றன. ஒட்டகத்தின் தலை, மானின் கொம்பு, மாட்டின் காது, பாம்பின் கழுத்து, கெண்டையின் செதில், கழுகின் நகம், புலியின் பாதம் என்று அந்தக் கணக்குப் போகிறது. கண் விஷயத்தில் மட்டும் முயல் என்பாரும் பேய் என்பாரும் உளர். செதில்களும் ஒன்பது ஒன்பதாய் 81. லியனார்டோவுக்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே, வேறொரு நாட்டில், அதே வழி! நம் சிற்பிகள் சிங்கத்தின் உடலில் யானையின் துதிக்கையை வைத்து யாளியைச் செதுக்கியதும் இவ்வினத்தைச் சேர்ந்ததே.

ஆஸ்திரிய நாட்டுக் கிளாகன்ஃபூர்ட் நகரத்துச் சேதி இதனினும் வேடிக்கையானது. அவ்வூர்ச் சதுக்கத்தில் கல்லால் செய்த பெரியதொரு டிராகன் இருக்கிறது. 16-ஆம் நூற்றாண்டின் இறுதியிலே செதுக்கியது. 14-ஆம் நூற்றாண்டில் அப்பக்கத்தில் அகப்பட்ட ஒரு மண்டையோட்டை ஊரார் டிராகனின் தலையென்று நம்பிப் போற்றிவந்தனர். அதையே மாதிரியாக வைத்துச் சிலையின் தலை செய்யப்பட்டது. பிற்காலத்தார் ஆராய்ந்தபோது அது பனியுகத்தில் வாழ்ந்த, உரோமம் அடர்ந்த காண்டாமிருகத்தின் மண்டையென்று தெரிந்தது. ஊராருடைய நம்பிக்கை பொய். சிற்பியின் முறை மெய். ஒரு உண்மை எலும்பை எதிரே வைத்து வேலை செய்ததால் அத்தலைக்கு ஒரு கனம் வந்திருக்கிறது.

நிற்க. மாதிரி திரட்டுவதற்கு முன் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுண்டு: எந்த டிராகன்? தமிழிலே இதற்குத் தீர்ந்த சொல் இல்லை. விவிலியத்தைத் தமிழாக்கியோர் வலுசர்ப்பம் என்றனர். மலாய்மொழியில் நாகா என்பர். நம்முடைய நாகம் என்னும் சொல்லும் அதுவும் ஒரே வடமொழி மூலத்தினின்று வந்தவை. பகாங்கிலுள்ள சீனி ஏரியில் வாழ்வதாகக் கதை வழங்கும் ஸ்ரீ குமும் இந்த நாகா வகை. இவை வெறும் பெயர் வேறுபாடுகளல்ல. மேனாட்டு டிராகன் பெரும்பாலும் குகையில் வாழ்வது, சிறகு கொண்டு பறப்பது, நெருப்பைக் கக்குவது, வீரனால் கொல்லப்படுவதற்கென்றே படைக்கப்பட்டது. கீழ்நாட்டு டிராகன் நீருக்கும் மேகத்துக்கும் உரியது, சிறகில்லாமலே வானேறுவது, மழை தருவது. நம் சகோதரியின் டிராகன் ஆற்றிலே வாழ்வது. அதற்கு வௌவால் சிறகு எதற்கு? வாயிலே நெருப்பு எதற்கு? கதை கேட்காத உறுப்புகள் படத்துக்குள் எப்படி நுழைந்தன? 62 படங்களில் பெரும்பாலானவை மேனாட்டுச் சினிமாவினின்று வந்தவை; அந்த வழியாய் நுழைந்தன.

சினிமாக்காரர்களைக் குறைகூறுவதற்காக இதை எழுதவில்லை. அவர்களுள் சிறந்தோர் செய்ததை நம் பிள்ளைகள் பார்த்தார்களேயன்றி, எப்படிச் செய்தார்களென்று பார்க்கவில்லை என்பதே நம் வருத்தம். வால்ட் டிஸ்னி கம்பெனியார் 1959-இல் வெளியிட்ட ‘ஸ்லீப்பிங் பியூட்டி’ என்னும் சித்திரப் படத்தின் முடிவில் மலிஃபிசென்ட் என்னும் சூனியக்காரி கரிய டிராகனாக மாறுகிறாள். அதை அசைத்து வரைந்த எரிக் கிளெவர்த், வாலிலே கிலுகிலுப்பை ஒலிக்கும் அமெரிக்க நச்சுப்பாம்பை மாதிரியாகக் கொண்டார். அந்தக் கழுத்து பின்வாங்கி நின்று சட்டென்று பாயும் விதத்தைக் கவனித்தால் பாம்பு தெரியும். பாம்பின் தோலை அவர் எடுக்கவில்லை, செதிலை எடுக்கவில்லை. சீறுமுன் அது காத்திருக்கும் அந்தக் கணத்தையே எடுத்துக்கொண்டார்.

2001-இல் ஜப்பானிய இயக்குநர் ஹயாவோ மியாசாக்கி வெளியிட்ட ‘ஸ்பிரிட்டட் அவே’ படத்தை நேயர்களிற் பலர் பார்த்திருக்கக்கூடும். அதில் ஹாக்கு என்னும் சிறுவன் வெண்மையான டிராகனாக மாறுவான். அவன் உண்மையில் ஓர் ஆற்றின் ஆவி. மண் கொட்டி மூடி, மேலே அடுக்குவீடுகள் கட்டப்பட்டுவிட்ட ஓர் ஆறு. நம் சகோதரியின் கதைக்கு இதனினும் நெருங்கிய உறவுள்ள டிராகன் கிடைப்பதரிது. சிறகு இல்லை, நெருப்பு இல்லை. நீளமான உடல் வானத்தில் நீரோட்டம்போல் போகிறது. காயம்பட்ட டிராகனின் வாயைப் பலவந்தமாகத் திறந்து சிஹிரோ என்னும் சிறுமி மருந்தைத் திணிக்கும் கட்டம் ஒன்றுண்டு. அதை வரையும்போது, நாய்க்கு மருந்து ஊட்டுவதைப்போல் இருக்கவேண்டுமென்று மியாசாக்கி தம் குழுவினரிடம் சொன்னார். அவர்கள் கால்நடை மருத்துவமனைக்குப் போய், நாயின் தாடையைப் பிடிப்பது எப்படி, ஈறு எப்படி இருக்கிறது, அது எவ்வளவு முரண்டுகிறது என்றெல்லாம் பார்த்துப் பதிவு செய்துவந்தனர். படத்திலே அந்தச் சிறுமி தன் உடல்பாரம் முழுவதையும் கையிலே வைத்துத் தாடையைத் திறக்கும்போது, நமக்குப் பல் கூசுகிறது. ஆயிரம் டிராகன் படங்களைப் புரட்டினாலும் இந்தக் கட்டத்துக்கு அவற்றில் விடை இராது. எந்த டிராகனுக்கு யார் மருந்து ஊட்டினார்கள்?

2010-இல் வெளிவந்த ‘ஹவ் டு டிரெய்ன் யுவர் டிராகன்’ படத்தின் கறுப்பு டிராகன் டூத்லெஸ் இன்னும் கற்கத்தக்கது. கிரெசிடா கவல் எழுதிய நூலில் அது சிற்றுருவம். படத்திலே கிறிஸ் சாண்டர்ஸ், டீன் டெப்ளாய் என்னும் இயக்குநர்கள் அதைப் பிறர் அஞ்சும் பெரு விலங்காக்கினர். உருவத்துக்குக் கருஞ்சிறுத்தையை முன்னே வைத்துக்கொண்டனர். அவ்வளவில் நிறுத்தவில்லை. பையன் தன் சுத்தியலின் பளபளப்பால் தரையில் ஓர் ஒளிப்பொட்டை ஓடவிட, டூத்லெஸ் பூனைக்குட்டிபோல் அதைத் துரத்துகிறது. சந்தேகம் வந்தால் நாய்போல் தலையைச் சாய்க்கிறது. விழுங்கிய மீனில் பாதியைக் கக்கிப் பையனுக்கு விருந்து வைக்கிறது! அது ஒரு வார்த்தையும் பேசுவதில்லை. பேசாத பிராணியின் மனத்தை உடலால் காட்டவேண்டிய கட்டாயம் இருந்ததால்தான், வரைந்தவர்கள் வீட்டுப் பிராணிகளை அவ்வளவு கூர்ந்து பார்த்திருக்கிறார்கள். நம் கருத்தில் கார்ட்டூன் டிராகனின் சோதனை இதுவே. பேச்சை நிறுத்திவிட்டுப் பாருங்கள், என்ன எஞ்சுகிறது?

அச்சோதனையில், 1998-இல் வந்த ‘மூலான்’ படத்தின் சிவப்புக் குட்டி டிராகன் முஷூ தேறுவது கடினம். எட்டி மர்ஃபி என்னும் நகைச்சுவை நடிகரின் வாய்வேகமே அதன் உயிர். சிரிக்கவைக்கிறது, இல்லையென்று சொல்லோம். 2020-இல் அக்கதையை நடிகர்களைக்கொண்டு மறுபடி எடுத்தபோது முஷூவை விட்டுவிட்டார்கள். நமக்கு அதில் பெரிய இழப்புத் தோன்றவில்லை.

இனி, நம்முடைய தென்கிழக்காசியாவின் பெயராலே 2021-இல் டிஸ்னி கம்பெனியார் வெளியிட்ட ‘ராயா அண்ட் தி லாஸ்ட் டிராகன்’ படத்துக்கு வருவோம். மலேசியாவிற் பிறந்த அடெல் லிம் அதன் கதையாசிரியர்களுள் ஒருவர். படக்குழுவினர் இப்பகுதி நாடுகளுக்கு நேரில் வந்து திரிந்து மாதிரி சேகரித்தனர். சிசு என்னும் நீர்டிராகனுக்கு நாகா மரபை அடிப்படையாகக் கொண்டனர். லாவோசிலும் தாய்லாந்திலும் கோயிற்படிகளின் இருபுறமும் இறங்கிவரும் நாகங்களையும், கம்போடிய அங்கோரில் பாலத்துக் கைப்பிடியாய் நீண்டு பல தலைகளோடு எழும் கல் நாகங்களையும் அறிந்தவர்கள், இதைக் கேட்டு மிகுந்த ஆவல் கொண்டிருப்பர். நாமும் கொண்டோம். மழைத்துளிகளின்மேல் கால் வைத்து சிசு வானத்தில் ஏறியோடும் காட்சி நம் ஆவலைக் கெடுக்கவில்லை. மழைக்கும் டிராகனுக்கும் உள்ள பழைய உறவு அங்கே ஒரே பார்வையில் விளங்குகிறது. ஆனால் முகம்? பெரிய கண், சிறிய மூக்கு, விரிந்த சிரிப்பு, தலையில் அலையும் மயிர். அந்தக் கம்பெனியின் இளவரசிகளுடைய முகத்தை நீட்டி வைத்ததுபோல் இருக்கிறது. அங்கோர்க் கல் நாகத்தின் படமெடுத்த கழுத்து எங்கே போயிற்று? அவ்வளவு தூரம் பிரயாணம் செய்து திரட்டிய மாதிரிகளெல்லாம் துணியிலும் உணவிலும் வீட்டுக்கூரையிலும் பயன்பட்டு, முகத்தருகே வந்ததும் பழைய பழக்கத்துக்கு வழிவிட்டுவிட்டன. திரட்டினால் மட்டும் போதாது. திரட்டியது தன் கைப்பழக்கத்தை மாற்ற இடங்கொடுக்கவும் வேண்டும் என்பதற்கு சிசுவைவிடத் தெளிவான சாட்சி நமக்குத் தெரியவில்லை.

முகத்தைப்பற்றிப் பேசுகையில் கண்ணை விட்டுவிடலாகாது. ஆறாம் நூற்றாண்டுச் சீன ஓவியர் சாங் செங்யாவ் ஒரு கோயிற் சுவரில் நான்கு டிராகன்களைக் கண்ணில்லாமல் வரைந்துவிட்டாராம். கண் வைத்தால் பறந்துவிடும் என்றாராம். பார்த்தவர்கள் நம்பாமல் வற்புறுத்தவே இரண்டுக்கு மட்டும் புள்ளி வைத்தார். இடியும் மின்னலுமாய் அவ்விரண்டும் சுவரைப் பிளந்துகொண்டு வானேறின. மற்ற இரண்டும் சுவரிலேயே தங்கின. இன்றும் சீனர் புதுச் சிங்கத்தை ஆடவிடுமுன் தூரிகையால் அதன் கண்ணுக்குப் புள்ளியிடுகின்றனர். நம் கோயில்களிலும் சிலைக்குக் கண் திறத்தல் என்றொரு சடங்கு உண்டு. சடங்கிலே நமக்கு நம்பிக்கையில்லை. அதற்குப் பின்னேயிருக்கும் தொழிலறிவில் நம்பிக்கையுண்டு. பாவனை முழுவதும் கண்ணிலே தீர்மானமாகிறதென்பது சிற்பிக்கும் கார்ட்டூன்காரருக்கும் பொது. கண்ணைப் பெரிதாக்கினால் குழந்தைத்தன்மை வரும் என்பது மெய்யே. பெருந்தலை, பெருங்கண், புடைத்த கன்னம் ஆகியவை நம்மிடம் பரிவை எழுப்புகின்றன என்று கொன்ராட் லோரென்ஸ் என்னும் விலங்கியலறிஞர் 1943-இல் எழுதினார். டூத்லெஸ்ஸுக்கும் பெருங்கண்தான். ஆனால் அதன் கருவிழி அச்சத்தில் பூனையினுடையதுபோல் கீற்றாய்ச் சுருங்குகிறது, அன்பில் விரிகிறது. கடைத்தெரு டிராகனின் கண்ணோ எப்போதும் ஒரே அளவில் விரிந்தேயிருக்கிறது.

பிறர் வரைந்ததைப் பார்க்கவே கூடாதென்று நாம் சொன்னதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். சென் ரோங் என்னும் சீன ஓவியர் 1244-இல் எழுதிய ஒன்பது டிராகன்களின் நெடுஞ்சுருள் இப்போது அமெரிக்காவில் பாஸ்டன் நுண்கலைக் காட்சிசாலையில் உள்ளது. மையைத் தெளித்தும் பூசியும் மேகமும் அலையும் எழுப்பி, அவற்றுள் டிராகனைப் பாதி மறைத்து வைத்திருக்கிறார். ஒரு நகம் தெரியும், ஒரு முதுகு தெரியும், மற்றது புகை. அதனிடம் நம் சகோதரி கற்கவேண்டியது உருவத்தையன்று, எதை மறைப்பது என்பதை. ஆற்று டிராகனை முதற்பக்கத்திலேயே தலைமுதல் வால்வரை காட்டிவிடாமல், கலங்கல் நீரில் ஒரு முதுகுமட்டும் தெரியவைத்தால் பிள்ளைகள் மறுபக்கத்தைப் புரட்டமாட்டார்களா?

உயிருள்ள மாதிரிகளுக்கு இந்த நாட்டில் பஞ்சமா? தோட்டத்திலே பிறந்தவர்க்கு இதை நாம் எடுத்துச் சொல்ல நேர்ந்ததே வெட்கம். மரத்துக்கு மரம் தாவும் பறக்கும் ஓணானை அறியாதார் யார்? 1758-இல் லின்னேயஸ் அதற்கு டிராக்கோ என்றே பெயரிட்டார்; டிராகன் என்பதே அதன் பொருள். கையளவுப் பிராணி, மரத்தோடு ஒட்டிக்கொண்டால் பட்டையும் அதுவும் வேறாகத் தெரியா. ஆண் ஓணான் கழுத்தின்கீழ் ஒரு தோல்மடிப்பைக் கொடிபோல் விரித்து விரித்து மடக்கும். அதன் சிறகு கையினின்று வளர்ந்ததன்று. நீண்ட விலா எலும்புகள் விசிறிபோல் விரிய, அவற்றின்மேல் தோல் போர்த்தியது. நான்கு காலும் நான்கு காலாகவே இருக்கின்றன! மேனாட்டு ஓவியர் நான்கு காலோடு இரண்டு சிறகையும் சேர்த்து, ஆறு உறுப்புடைய டிராகனின் தோள்மூட்டை எங்கே வைப்பதென்று திண்டாடுகின்றார்கள். அந்தத் திண்டாட்டத்துக்கு ஒரு விடை ஒவ்வொரு நாளும் நம் மரங்களில் ஏறியிறங்கிக்கொண்டிருக்கிறது. அச்சகோதரிக்குச் சிறகு வேண்டியே தீருமானால், வௌவாலை விட்டு இதைப் பார்க்கலாம். அழுங்கினுடைய செதில் இருக்கிறது. ஓடு வேய்ந்ததுபோல் ஒன்றன்மேலொன்று ஏறிநிற்பது. எலியைத் தேடிச் செம்பனைக்குள் வரும் மலைப்பாம்பு இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, மலாய்க்காரர் பியாவாக் என்றழைக்கும் நீருடும்பு இருக்கிறது. தோட்டத்துக் கால்வாயிலும், சிங்கப்பூர் நகரத்துக் கான்கரையிலுங்கூட, பிளவுபட்ட நாக்கை நீட்டி நீட்டிக் காற்றைச் சுவைத்துக்கொண்டு, யாரையும் சட்டைசெய்யாத முதலாளிபோல் அது நடந்துபோகிறது. நம் பிள்ளைகள் கல்லெடுத்து எறிவார்கள். பெரியவர்கள் கோழிக் கள்ளன் என்று வைவார்கள். உட்கார்ந்து வரைந்தவர் எத்தனை பேர்?

இவ்வளவையும் எழுதியனுப்பிய பின், ஒருகால் சகோதரிக்கு மனத்தாங்கலாயிருக்குமோ என்று எண்ணியிருந்தோம். ஐந்து வாரம் கழித்து வேறொரு நோட்டுப் புத்தகம் வந்தது. பிறந்த தோட்டத்துக்குப் போய் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் ஆற்றங்கரையில் இருந்திருக்கிறார். ஒட்டிய படம் ஒன்றுகூட இல்லை. எல்லாம் பென்சில் கோடுகள். உடும்பு வெயில் காய்கிறது. உடும்பு தலையைத் தூக்கிப் பார்க்கிறது. நடக்கும்போது முன்காலும் எதிர்ப்பக்கத்துப் பின்காலும் சேர்ந்தெழ உடல் இப்புறமும் அப்புறமும் வளைகிறது. ஒரு பக்கத்தில், தம் பாட்டி படியில் இறங்கும்போது ஒவ்வொரு காலாகத் தயங்கி வைப்பதையும் வரைந்து, “டிராகனுக்கு வயதாகிவிட்டது” என்று ஓரத்தில் எழுதியிருக்கிறார். அதைப் பார்த்துச் சிறிது நேரம் பேசாதிருந்தோம். சிறகும் நெருப்பும் போய்விட்டன. கண் இன்னும் வட்டமாய்த்தான் இருக்கிறது. ஆனால் இமை பாதி இறங்கியிருக்கிறது.

ஒரு பிழை மட்டும் மறுபடி எழுதினோம். டிராகன் நீந்தும் படத்தில் நான்கு காலாலும் நாய்போல் தண்ணீரை அடித்துக்கொண்டு போகிறது. நீருடும்பு அப்படி நீந்துவதில்லை. கால்களை உடலோடு ஒட்ட மடக்கிக்கொண்டு, பக்கவாட்டில் தட்டையான வாலை மாத்திரம் வளைத்து வளைத்து நகர்கிறது. தலைக்குப் பின்னே நீர் அதிகம் கலங்குவதுகூட இல்லை. மூன்றாவது ஞாயிற்றுக்கிழமையும் ஆற்றங்கரைக்குப் போகும்படி அவரைக் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.